பேரை மட்டும் மாத்தி

கும்மிடிப்பூண்டி பஜாரில் சின்னதுரை நடத்திவந்த பிரௌசிங் சென்டரில் மோனிகா வேலை பார்த்தாள். பென்னியை அங்கேதான் முதலில் பார்த்தாள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பாலையில் அவன் ஹெல்பர். ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வந்து மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்காருவான். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கரி இருக்கும். மற்றப் பையன்கள் பார்க்கிற படங்களை அவன் பார்ப்பதில்லை. ஷூ பார்ப்பான். வெளிநாட்டு ஷூக்கள், விதவிதமாக, மணிக்கணக்கில்.

ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். யாரோ போட்டுத் தேய்த்த பாஸ்கெட்பால் ஷூ ஒன்று ஏலத்தில் இருந்தது. அதற்குக் கேட்டிருந்த விலை அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல்.

"இத்தப் போய் யாரு வாங்குவாங்க?" என்றாள்.

"வாங்கிட்டாங்க. கீழ பாரு, வித்துப்போச்சின்னு போட்டுக்கீது."

அடுத்த ஆண்டே கல்யாணம். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு பிடித்தார்கள். மீஞ்சூரில் துளசிராமன் என்பவருக்கு ஒரு குடோன் இருந்தது. துறைமுகத்தில் யாரும் எடுக்காமல் கிடந்து ஏலத்துக்கு வரும் சரக்கை மொத்தமாக எடுத்துச் சில்லறைக்குப் பிரித்துக் கொடுப்பவர். துணி, பொம்மை, மிக்ஸி என்று எது வேண்டுமானாலும் வரும். ஒரு தடவை அதில் ஷூ வந்திருந்தது. பென்னி ஒரு கோணி நிறைய வாங்கி, ரயிலில் ஏற்றி, தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினான்.

மோனிகா தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தாள். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் அழுக்கு எடுத்தாள். வெயிலில் காயவைத்தால் பசை மஞ்சளாகிறது என்று ஒரு ஜோடி வீணான பிறகு தெரிந்தது. அதன்பின் உள்ளே செய்தித்தாளை அடைத்து ஃபேனுக்குக் கீழே வைத்தாள். சின்னதுரையின் கேமராவை இரவல் வாங்கி, நீலப் போர்வையை விரித்து அதன்மேல் வைத்துப் படமெடுத்து, அந்த மாதிரி ஓர் ஏலத் தளத்தில் போட்டாள். எந்த ஷூவில் எங்கே கீறல், எங்கே கறை என்பதையும் படத்துக்குக் கீழே அப்படியே எழுதிவிடுவாள்.

"கறையப் பத்தி ஏன் எழுதற? ஊட்டுக்குப் போனப்புறம் பாத்துக்குவான்" என்று பென்னி கேட்டான்.

"அப்பத்தான் நம்மள நம்புவாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் போனது. முதல் ஜோடியைப் பெங்களூரில் ஒரு பையன் வாங்கினான். படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டான். பென்னி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. இருவரும் பொன்னேரிக்குப் போய் பிரியாணி சாப்பிட்டார்கள். வழியெல்லாம், ரயிலில் ஏறுகிறவர்களின் கால்களைப் பார்த்து யார் என்ன ஷூ போட்டிருக்கிறார்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். தளத்தில் கடை மோனிகா பெயரில்தான் இருந்தது. எழுதுகிற ஆட்களெல்லாம் "மோனிகா மேடம்" என்று எழுதினார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சில மாதம் கழித்து அவன் இரும்பாலை வேலையை விட்டான். அவள் வேண்டாம் என்றாள். இரண்டையும் பார்த்தால் எதுவும் உருப்படியாக நடக்காது என்று சொல்லிவிட்டான். அவளுக்கு அப்போது நாலு மாசம்.

பெண் பிறந்தால் ரெனிட்டா என்று வைப்பதென்று ஒரு மத்தியானம், ஷூ துடைத்துக்கொண்டிருக்கும்போது, முடிவு செய்தார்கள். வெளியே சொன்னால் பென்னியின் அம்மா தன் பெயரைத்தான் வைக்க வேண்டுமென்று நிற்பாள். அதனால் இருவருக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து அசைவு இல்லை. பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போனார்கள். குழந்தை உயிரில்லாமல்தான் வந்தது. நர்ஸ் துணியை விலக்கி முகத்தை ஒரு தடவை காட்டினாள். பென்னியின் நெற்றி. வெளியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்து பென்னி அழுவதைக் கட்டிலில் படுத்தபடி மோனிகா கேட்டாள். அவன் அப்படி அழுது அவள் கேட்டதில்லை. அவளுக்கு அழுகை அப்போது வரவில்லை. அவனுடைய அழுகையே இருவருக்கும் போதும் என்பது போலிருந்தது.

அதன்பிறகு பல மாதம் அவள் வாசலைத் தாண்டவில்லை. பஜாரில் யாராவது வயிற்றைப் பார்த்து எப்போது பிறந்தது, என்ன குழந்தை என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம். பென்னிதான் பிரௌசிங் சென்டருக்குப் போனான்.

"மெயிலெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ ஊட்லயே இரு" என்றான்.

"உனுக்கு இங்கிலீஷ்?"

"சின்னதுரை அண்ணன் கீறாரு. நீ அத்தெல்லாம் மண்டைல போட்டுக்காத."

தன்மேல் இருக்கிற அக்கறை என்றுதான் அதை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் தேறியதும் ஷூ கழுவுவதையும் படமெடுப்பதையும் மறுபடி தொடங்கினாள். ஆனால் எழுத்து வேலை அவனிடமே நின்றுவிட்டது. அவளும் திரும்பக் கேட்கவில்லை. கடைக்கு நல்ல பேர் வந்தது. சொந்தமாக கேமரா வாங்கினார்கள். பழைய பைக் ஒன்றும் வந்தது. சில சமயம் ஷூ போய்ச் சேரத் தாமதமாகிறதே, ஆட்கள் திட்டமாட்டார்களா என்று அவள் கேட்டால், "நல்ல ஜனங்க மோனி. லேட்டானாகூட கோச்சிக்க மாட்றாங்க" என்பான்.

தாமதத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. துளசிராமன் குடோனில் பார்த்த ஷூவை, கைக்கு வருவதற்கு முன்பே படமெடுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டிருந்தான் பென்னி. துளசிராமன் அதற்குள் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவார். பிறகு அதே மாதிரி இன்னொரு ஜோடியைத் தேடி பென்னி பர்மா பஜார் வரைக்கும் அலைவான்.

இரண்டாயிரத்து எட்டு. மின்வெட்டு அதிகமாக இருந்த சமயம். ஒரு நாள் காலையில் பென்னி மீஞ்சூருக்குப் போகும்போது செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான். அது விடாமல் அடித்தது. மூன்றாவது தடவை மோனிகா எடுத்தாள்.

"மோனிகாங்களா?" ஒரு பெண் குரல், வயதானது.

"ஆமாங்க. நீங்க?"

"திண்டுக்கல்லேர்ந்து கமர் நிஷா பேசுறேம்மா. எம்மகன் சர்ஃபராஸ் உங்ககிட்ட ஷூவுக்குப் பணம் கட்டியிருக்கான்ல, அவனோட அம்மா."

"இன்னும் வரலீங்களா? அவரு வந்ததும் கேக்கறேங்க."

"ஷூவுக்காகப் பேசலம்மா. அது எப்ப வேணா வரட்டும். அவன்தான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கறேன்னு குதிச்சான். பேசாம இருடா, அந்தப் புள்ள என்ன நெலமையில இருக்கோன்னு நாந்தான் அதட்டி வச்சேன். உங்களுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? ஒடம்பு தேறிருச்சா?"

"எனக்காங்க? நான் நல்லாதான் கீறேன்."

"அப்படித்தான் சொல்லுவோம். எனக்கும் மூத்தது அப்படிப் போனதுதாம்மா. இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. இன்னைக்கும் யாராவது எத்தனை புள்ளைன்னு கேட்டா ஒரு நொடி யோசிச்சுத்தான் சொல்லுவேன். மகன் மெயிலை வாசிச்சுக் காட்டுனதும் எனக்கு இருப்பே கொள்ளல. தொழுகையில ரெனிட்டான்னு பேரைச் சொல்லியே துஆ கேட்டேன்."

அந்தப் பெயரை வேறொரு வாய் சொல்லி மோனிகா கேட்டதே இல்லை. பென்னிகூட ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதைச் சொன்னதில்லை.

"மெயில் எப்பங்க வந்திச்சு?"

"ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். அப்பத்தான் அடக்கம் பண்ணிட்டு வந்தோம்னு எழுதியிருந்தீங்களே." அந்த அம்மாளின் குரல் தயங்கியது. "நான் போன் பண்ணது தப்பா தாயி? ஞாபகப்படுத்திட்டேனா?"

"இல்லீங்க" என்றாள் மோனிகா. "ரொம்ப தேங்க்ஸ்ங்க."

அந்த அம்மாள் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள், பச்சை உடம்போடு தண்ணீரில் நிற்காதே என்றாள், வைத்துவிட்டாள். பெற்று ஒன்றரை வருஷம் ஆனவளுக்கு, பெற்று பத்து நாள் ஆனவளுக்குச் சொல்கிற பக்குவம்.

மாலையில் பென்னி கோணியோடு வந்தான். செல்போன் அவள் மடியில் இருப்பதைப் பார்த்தான்.

"யார்னா பண்ணாங்களா?"

"திண்டுக்கல்லேர்ந்து ஒரு அம்மா. ரெனிட்டாவுக்காகத் தொழுதாங்களாம்."

அவன் கோணியை இறக்கவில்லை. தோளில் இருக்க அப்படியே நின்றான். பிறகு மெதுவாக இறக்கி வைத்தான்.

"மோனி, நான் சொல்றதக் கேளு."

"சொல்லு."

"மொத தபா நெஜமாவே அப்போதான் எழுதனேன். நீ ஆஸ்பத்திரில கீற. நாலு பேரு காசு கட்டிட்டு திட்டிக்கினு கீறாங்க. இன்னா பண்றதுன்னு தெர்ல. சின்னதுரை அண்ணன்கிட்ட போயி, இந்த மாரி ஆயிடுச்சி, அப்படியே எழுதிக் குடுண்ணான்னேன். அவரு இங்கிலீஷ்ல அடிச்சிக் குடுத்தாரு. பேரு இன்னா வச்சிருந்தீங்கன்னு அவருதான் கேட்டாரு. சொல்லிட்டேன். அத்த அடிக்க சொல்ல நான் அங்கியே அழுதேன் மோனி, அவர வேணா கேளு."

"அப்புறம்?"

"எல்லாரும் எவ்ளோ நல்லா எழுதனாங்க தெரியுமா? ஷூ மெதுவா வரட்டும், மேடத்தப் பாத்துக்கோங்கன்னு."

"ரெண்டாவது தபா?"

அவன் குனிந்து கோணியின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

"ரெண்டாவது தபா எழுத சொல்ல அழுதியா?"

"புதுசா எழுதல. அதே மெயிலுதான். பேரை மட்டும் மாத்திப் போடுவேன்."

"எந்தப் பேர?"

"வாங்கறவன் பேர."

"எத்தினி பேருக்கு?"

"தெர்ல" என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே எண்ணிப் பார்க்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "ரொம்பக் கோவமா எழுதறவனுக்கு மட்டுந்தான். அதுல யாருக்கும் நஷ்டம் இல்ல மோனி. எல்லாருக்கும் ஷூ போயிடுச்சி. ஒருத்தன் காசையும் நான் துன்னல."

அவள் எழுந்து செருப்பைப் போட்டாள். செல்போன் கையில் இருந்தது.

"எங்க போற?"

"அந்த அம்மாகிட்ட சொல்லணும்."

பென்னி வாசலை மறித்து நின்றான். "அறிவு கெட்டுப் போச்சா உனுக்கு? அந்தப் பையன் நெட்ல போட்டான்னா நம்ம ரேட்டிங்கு மொத்தமும் காலி. இன்னும் ரெண்டு நாள்ல அவனுக்கு ஷூ போயிடும். அத்தோட முடிஞ்சிது."

அவன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனும் அதற்குமேல் மறிக்கவில்லை. விலகிவிட்டான்.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் போட்டாள். கமர் நிஷா உடனே எடுத்தாள். என்னம்மா, சாப்பிட்டியா என்று கேட்டாள். மோனிகா தான் சொல்ல நினைத்ததை முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அந்த மெயில் என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரர் எழுதியது. குழந்தை போன வாரம் சாகவில்லை. ஷூ தாமதமானதற்கு அது காரணம் இல்லை.

அந்தப் பக்கம் கமர் நிஷா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அப்ப குழந்தைன்னு ஒண்ணு இல்லவே இல்லையா?"

"இருந்திச்சிங்க. செத்துப் பொறந்திச்சு. ஆனா அது ஒன்றரை வருஷம் முன்னாடி."

"ரெனிட்டாங்கறது?"

"அதும் நெஜந்தாங்க. எம்பொண்ணு பேருதான்."

"எது நெசம், எது பொய்யின்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" கமர் நிஷாவின் குரலில் கோபம்கூட இல்லை. "எம்புள்ளை செத்ததை நான் யாருகிட்டயும் பேசுறது கிடையாது. எம்மகனுக்கே அன்னைக்குத்தான் தெரியும். உங்ககிட்ட சொன்னேன் பாருங்க."

"அம்மா, நான் சொல்றது..."

"ஷூவை அனுப்பிருங்க. இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

மோனிகா பெஞ்சிலேயே இருந்தாள். தன் குழந்தை இருந்தது என்று முதன்முதலாக வெளியே ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். அதை அவர் நம்பவில்லை. நம்பாததில் அவர் மேல் தப்பும் இல்லை. சூலூர்பேட்டை வண்டி வந்து ஆட்கள் இறங்கிப் போனார்கள். இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.

பென்னி பயந்தது நடந்தது. அந்தப் பையன் இணையதளத்தில் எழுதினான். அதற்குக் கீழே இன்னொருவன், எனக்கும் இதே மெயில்தான் வந்தது என்று எழுதினான். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மோனிகா அன்றைக்குத்தான் பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தாள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். முதல் ஷூவை வாங்கிய அந்தப் பெங்களூர் பையனும் எழுதியிருந்தான். இந்த அம்மாவின் குழந்தை இன்னும் எத்தனை தடவைதான் சாகும் என்று கேட்டு, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்று போட்டிருந்தான். எல்லாம் மோனிகா மேடம் என்ற பெயருக்குத்தான். பென்னியை அங்கே யாருக்கும் தெரியாது.

சின்னதுரை கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவள் காசு கொடுத்தபோது வாங்கவில்லை.

"மொத மெயிலு நான்தாம்மா அடிச்சேன். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்தான். மனசு கேக்கல."

"அப்புறம் அனுப்பனது தெரியுமாண்ணா உங்களுக்கு?"

"தெரியும்." அவர் கல்லாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினுதான் செய்றீங்கன்னு நெனச்சேன்மா. கடை உன் பேர்லதான கீது."

வெளியே வந்து வெயிலில் நடக்கும்போதுதான் அந்த வார்த்தை உறைத்தது. இத்தனை நாளும் இந்த மனிதர் அவளும் அதில் கூட்டு என்றே நினைத்துக்கொண்டு, பென்னியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நல்லாருக்காளா என்று விசாரித்திருக்கிறார்.

அந்த வாரமே இணையதளத்துக்காரர்கள் கடையை முடக்கினார்கள். காசு கட்டிக் காத்திருந்தவர்களுக்கு அனுப்ப வேண்டிய ஷூக்களையெல்லாம் மோனிகா இருந்து கட்டினாள். பென்னி எதிரில் உட்கார்ந்து டேப் ஒட்டினான். கடைசிப் பெட்டி கூரியருக்குப் போனதும் ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு அவள் வண்டி ஏறினாள். சென்னையில் மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, திருவள்ளூர் வண்டிக்கு மாறி, செவ்வாப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அம்மா ஞானம்மா என்ன ஏது என்று குடைந்தாள். அடித்தானா, குடித்தானா, வேறு எவளாவது உண்டா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் மோனிகா. "அப்புறம் இன்னாடி கொறை? நல்ல புள்ளயாச்சே" என்றாள் அம்மா. மோனிகாவுக்கு அதை அவளிடம் விளக்கத் தெரியவில்லை. ஒரு முறை விளக்கிப் பார்த்தாள். "ஊர்பேர் தெரியாதவங்களுக்கு எழுதனதுக்கா?" என்று அம்மா கேட்டாள். அத்தோடு விட்டுவிட்டாள். அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. காலை வண்டியில் போய் இரவு வண்டியில் வந்தாள்.

பென்னி மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இளைத்திருந்தான். பழைய இரும்பாலையிலேயே சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். ஞானம்மா அவனுக்கு மீன்குழம்பு வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவி, மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்தான்.

"எல்லாருக்கும் எழுதிட்டேன் மோனி. அவளுக்கு ஒண்ணுந்தெரியாது, எல்லாம் நான்தான் பண்ணேன்னு. ரெண்டு பேரு பதிலும் போட்டாங்க."

"சரி."

"ஊட்டுக்கு வா. ஷூவு கீவு ஒண்ணும் வேணாம். நான் வேலைக்குப் போறேன். நீயும் இஷ்டம்னா போ."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை ஓரமாக வைத்தாள்.

"அன்னைக்கு நீ வராந்தால உக்காந்து அழுதத நான் உள்ள படுத்துக்கினு கேட்டேன். தெரியுமா உனுக்கு?"

"நெஜமா அழுதேன் மோனி."

"நெஜமாதான் அழுதிருப்ப. இவ்ளோ நாளா அத நெனச்சிதான் நான் இருந்தேன். எனக்கு அழ வராத அன்னைக்கு எனக்கும் சேத்து ஒருத்தன் அழுதானேன்னு. இப்போ அத நெனச்சா, அடுத்து அந்த மெயிலுதான் கண்ணுக்கு வருது. ரெண்டையும் பிரிக்க முடில. நானும் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

"கொஞ்ச நாள் போனா சரியாப் போய்டும்."

"போலாம். போனா நானே போன் பண்றேன். அதுவரைக்கும் வராத."

அவன் எழுந்து, வாசலில் நின்று, அத்தையிடம் சொல்லிவிடு என்றான். அவள் தலையசைத்தாள். அவன் ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து ஒரு தடவை போன் வந்தது. ஞானம்மாதான் எடுத்துப் பேசினாள். மோனிகா அப்போது வேலையில் இருந்தாள். வந்ததும் அம்மா சொன்னாள். சரி என்று கேட்டுக்கொண்டு முகம் கழுவப் போனாள். நம்பர் அவளுக்கு மனப்பாடம். திரும்பக் கூப்பிடவில்லை.